தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்று: எந்தப் பெயரில் கேட்பது?

சாலை விபத்தில் பிள்ளைக்குத் தலையில் அடி என்றால் முதல் 48 மணி நேரத்தில் பணத்துக்காகத் தயங்கி நிற்க வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியாராக இருந்தாலும், அரசு வைத்த வரம்புக்குள் சிகிச்சை இலவசம். அப்புறம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது.

உண்மையான அலைச்சல் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் ஆரம்பம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். லாரி இடித்துப் பிழைத்தவன். தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நேற்றுச் சொன்ன வாய்ப்பாடு இன்று நினைவில் இல்லை. ‘நல்லாத்தானே இருக்கான், செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்று வீட்டிலேயே பேச்சு. மாற்றுத்திறனாளி சான்று கேட்டுப் போன அவன் அம்மாவிடம், ‘தலைக்காயம்னு ஒரு பிரிவே இல்லையேம்மா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அது பாதி உண்மை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. மூளைக்காயம் என்ற பெயரில் எதுவும் இல்லை. காயம் எதை விட்டுச் சென்றதோ அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். கை கால் இழுத்துக்கொண்டால் இயக்கக் குறைபாடு. பேச்சு போனால் பேச்சு, மொழிக் குறைபாடு. புத்தி மந்தப்பட்டால் அறிவுசார் குறைபாடு. ஒன்றுக்கு மேல் இருந்தால் பல்வகைக் குறைபாடு. சான்றில் குறைபாடு 40 சதவீதம் என்று வந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.

கால் பாதிப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சதவீதம் போட விடாதீர்கள். உளவியல் சோதனையும் கேளுங்கள். அதற்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்றால் பல அம்மாக்கள் கூசிப்போகிறார்கள். அங்கே சோதிப்பது பிள்ளையின் நினைவாற்றலையும் அறிவுத்திறனையும்; அக்கம்பக்கத்துப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சின்னப் பிள்ளைக்குத் தற்காலிகச் சான்று தருவது உண்டு. அதில் போட்டிருக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டாம் வகுப்பில் தெரியாத குறை ஆறாம் வகுப்பில் பாடம் கனக்கும்போது வெளியே வரும். அப்போது மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பிரிவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதத்திலேயே கிடைக்கும். உடல் பாதிப்பு மட்டும் என்றால் 75 வேண்டும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சிச் செலவுக்கும் உதவும் ‘நிராமயா’ காப்பீடு (ஆண்டுக்கு 1 லட்சம் வரை) ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான்.

பள்ளி விஷயம்: 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி அவன் உரிமை. ‘இவனை வைத்துச் சமாளிக்க முடியாது’ என்று வாயால் சொன்னால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம் உண்டு.

விபத்து என்பதால் நஷ்டஈடும் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். சென்னைக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். குழந்தைக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் கேட்கலாம்.

மனுவில் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பையும் சேருங்கள். மூளை பாதித்த 12 வயதுப் பெண்ணின் வழக்கில், 2020இல், உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களின் சம்பளத்தையே கணக்கில் சேர்த்தது. எங்கள் தெரு அம்மா எம்.சி. ரோடு துணிக்கடை வேலையை விட்டுவிட்டார். எந்த மாதம் விட்டார், என்ன சம்பளம், தெரபிக்கு எத்தனை முறை ஆட்டோ என்று இப்போது பையனின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறார்.