சுடர்த்தணிப்பியும் இயக்குநீர்க் குலைப்பியும்

மெத்தையின் நுரைப்பஞ்சு, மின்கம்பியின் உறை, தொலைக்காட்சிப் பெட்டியின் பிளாஸ்டிக் கூடு ஆகியவற்றில் தீ விரைந்து பரவாதிருக்கக் கலக்கப்படும் வேதிப்பொருள்களை ஆங்கிலத்தில் ‘ஃபிளேம் ரிடார்டன்ட்’ என்கிறார்கள். இதைத் தமிழில் ‘தீத்தடுப்பான்’ என்று எழுதுவதைக் காண்கிறோம். அச்சொல் பொருளைச் சற்றே பிறழ உணர்த்துகிறது என்பது என் கருத்து. ‘ஃபிளேம்’ என்பது சுடரைக் குறிக்கும் ‘ஃபிளம்மா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘ரிடார்டு’ என்பதற்கு வேர், மெதுவானது என்று பொருள்படும் ‘டார்டஸ்’. ஆக, மூலச்சொல் தாமதத்தைச் சொல்கிறதே அன்றித் தடையைச் சொல்லவில்லை.

சொல்லின் முதற்பாதியிலும் கவனம் வேண்டும். புரோமின் கலந்த சேர்மங்கள் பெரும்பாலும் வேலை செய்வது எரியும் பொருளில் அன்று, அதிலிருந்து எழும் வளிமத்தில், அதாவது சுடரில்தான். வெப்பத்தில் விடுபடும் புரோமின், சுடரை வளர்க்கும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை (எளிதில் வினைபுரியும் துணுக்குகளை) பிடித்துக்கொள்வதால் எரிதல் தொடர்ந்து செல்ல இயலாமல் தளர்கிறது. சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது என்று நாம் சொல்லும்போது, இருந்தது அறவே அற்றுப்போனதாகச் சொல்வதில்லை. அதன் வேகம் அடங்கியதையே சொல்கிறோம். எனவே ‘சுடர்த்தணிப்பி’ என்பதே மூலச்சொல்லின் பொருளுக்கும் வேதியியலுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. ‘தீயணைப்பான்’ என்ற சொல்லை ஏற்கெனவே வேறொரு கருவிக்குக் கொடுத்துவிட்டோம் என்பதையும் மறக்கலாகாது.

சுடர்த்தணிப்பிகளுள் மிகுதியாகப் பேசப்படுபவை பாலிபுரோமினேற்ற டைஃபீனைல் ஈதர்கள். புரோமின் அணுக்களின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் பொறுத்து இக்குடும்பத்தில் 209 வகைகள் உண்டு. இவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, வெறுமனே கலந்தே நிற்கின்றன. ஆதலால் மெல்லக் கசிந்து, தூசியிலும் கழிவுநீரிலும் ஆற்றுப்படிவிலும் சேர்ந்து, கொழுப்பில் கரையும் இயல்பினால் மீனின் உடலில் தங்குகின்றன. பத்துப் புரோமின் அணுக்கள் கொண்ட டெக்கா வகையைக் கெண்டை மீன் உட்கொண்டால், அதன் உடலே சில புரோமின்களைக் கழற்றி, எளிதில் உள்வாங்கப்படும் சிறிய வகைகளாக மாற்றிவிடுகிறது. தாய்மீனின் கொழுப்பிலிருந்து முட்டையின் மஞ்சட்கருவுக்கும் இவை செல்கின்றன.

இங்கேதான் இரண்டாவது சொல்லுக்கு வேலை வருகிறது. உடலின் ஹார்மோன்களுடைய வேலையில் குறுக்கிடும் வேதிப்பொருளுக்கான பெயர் அது. ‘எண்டோகிரைன் டிஸ்ரப்டர்’ என்ற தொடர் 1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த விங்ஸ்பிரெட் கூட்டத்தில் உருவானது. இதை ‘நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்’ என்று பெயர்ப்பதுண்டு. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் குற்றம் சுரப்பியின்மேல் விழுவதே சிக்கல். மீன்கருவை எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை வெளிப்படையாகத் தெரியும்.

ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் வரிக்குதிரை மீனின் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. உள்ளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம். இரண்டு மூன்று நாள்களில் அது பொரிந்துவிடும். தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினைத் தானே சுரக்கும் திறன் அதற்கு ஏறத்தாழ 72 மணி நேரத்தில்தான் வருகிறது. அதுவரை மஞ்சட்கருவில் தாய் வைத்துவிட்டுப்போன தைராய்டு இயக்குநீரை, அதாவது ஹார்மோனை, கொண்டே கரு வளர்கிறது. பின்னரும்கூட, பெரும்பாலான எலும்பு மீன்களில் தைராய்டு ஒரே திரளாக அமைவதில்லை. கீழ்ப்பெருந்தமனியை ஒட்டிச் சிறுசிறு நுண்ணறைகளாகச் சிதறியே கிடக்கிறது. சுரப்பியே உருவாகாத ஓர் உயிரில் சுரப்பி சீர்குலைந்தது என்று எப்படி எழுதுவது?

குலைவது சுரப்பியன்று, இயக்குநீர் உடலுக்குக் கொண்டுசெல்லும் செய்திதான். தைராக்சின் என்பது நான்கு அயோடின் அணுக்கள் ஏறிய, இரு வளையங்களை ஆக்சிஜன் இணைக்கும் மூலக்கூறு. மேற்சொன்ன ஈதர்களோ அதே எலும்புக்கூட்டில் அயோடினுக்குப் பதிலாகப் புரோமினைச் சுமப்பவை. இந்த ஒப்புமையால் இவையும் இவற்றின் சிதைபொருள்களும் இயக்குநீரைச் சுமக்கும் புரதத்தில் இடம்பிடிக்கவும், அயோடினை நீக்கும் நொதிகளின் வேலையில் குறுக்கிடவும் வல்லவை. தைராக்சினிலிருந்து ஓர் அயோடின் நீங்கினால்தான் வீரியம் மிக்க டிரைஅயோடோதைரோனின் கிடைக்கும். அந்தப் படி தடைபட்ட குஞ்சின் காற்றுப்பையை, அதாவது மீன் நீரில் மிதக்க உதவும் ஈரறைப் பையை, பார்த்தால் விளைவு புரியும். இயல்பாக, பொரித்த குஞ்சு நான்கைந்தாம் நாளில் நீர்மட்டத்துக்கு எழுந்து காற்றை விழுங்கிப் பின்னறையை நிரப்புகிறது; முன்னறை நிரம்புவதற்கு மூன்று வாரம் வரை ஆகும். தைராய்டு இயக்குநீர் குறைந்தால் இந்த அறைகள் சிறுத்துப்போகின்றன, சிலவேளை நிரம்பாமலே நின்றுவிடுகின்றன. சுடரைத் தாமதப்படுத்த வந்த பொருள் குஞ்சின் வளர்ச்சியையும் தாமதப்படுத்துவதைக் காணும்போது, ‘டார்டஸ்’ என்ற வேர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவ்விளைவை ‘நச்சுத்தன்மை’ என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்குவதும் சரியன்று. மேற்சொன்ன ஈதர்களுள் நான்கு புரோமின் கொண்ட பிடிஇ-47 என்ற வகை செறிவு மிகுந்த நீரில் வளரும் வரிக்குதிரை மீன்குஞ்சுக்கு முதுகுத்தண்டு வளைகிறது, இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. அது நேரடி நச்சு. குஞ்சு பிழைத்திருந்தும் வளர்ச்சியின் காலஅட்டவணை மட்டும் பிசகுவது வேறு வகை. முன்னதற்கு ‘நஞ்சு’ என்ற சொல் போதும், பின்னதற்குப் போதாது.

‘ஹார்மோன்’ என்ற பெயரை 1905இல் வழங்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். இயங்கத் தூண்டுதல் என்ற கிரேக்க வினையே அதன் வேர். நம் ‘இயக்குநீர்’ அந்தப் பொருளை அப்படியே ஏந்துகிறது. ‘டிஸ்ரப்ட்’ என்பதன் லத்தீன் மூலம் உடைத்துப் பிளப்பதைக் குறித்தாலும், இங்கே எதுவும் உடைவதில்லை, ஒழுங்கு கலைகிறது. வரிசை குலைந்தது, நிலை குலைந்தது என்னும் வழக்கை வைத்துப் பார்த்தால் ‘குலை’ என்ற வினை மூலத்தைவிடப் பொருத்தமானது என்றே சொல்வேன். ‘இயக்குநீர்க் குலைப்பி’ என்பது சுரப்பியைக் குற்றஞ்சாட்டாமல், கெடுவது எது என்று சொல்லிவிடுகிறது.

இரு சொற்களையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக எழுதக் கூடாது. எளிதில் சிதையாத கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பென்டா, ஆக்டா வணிகக் கலவைகளில் அடங்கிய ஈதர்கள் 2009இலும் டெக்கா வகை 2017இலும் சேர்ந்தன. அவற்றுக்கு மாற்றாகப் பெருகிய கரிமப் பாஸ்பேட்டுகளுள் டிரைஃபீனைல் பாஸ்பேட் வரிக்குதிரை மீன்கருவின் இதய வளர்ச்சியைப் பாதிக்கிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடோ சூடேறும்போது நீரை வெளிவிட்டுக் குளிர்விக்கும் எளிய பொருள். அதுவும் தீப்பரவலைத் தாமதப்படுத்தும் இதே வகையில்தான் எண்ணப்படுகிறது, ஆனால் அதை இயக்குநீர்க் குலைப்பி என்று யாரும் சொல்வதில்லை.