நெட்சுகே வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு துளைகள்

மதிப்பீட்டுக்காக என்னிடம் நெட்சுகே என்ற ஜப்பானியச் சிற்றுருவத்தைக் கொண்டுவருவோரில் பெரும்பாலானோர் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் செதுக்கப்பட்டுள்ள கையொப்பத்தையே முதலில் காட்டுகிறார்கள். செதுக்கியவரின் பெயர் தெரிந்தால் மதிப்பும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய பிறகே வருகிறார்கள். இச்சிற்றுருவங்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தால் போவதை என் தொழிலில் தொடர்ந்து பார்த்துவருவதால், வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய ஆடவர் அணிந்த கிமோனோவில் பை கிடையாது. மருந்தும் முத்திரையும் வைக்கும் இன்ரோ என்ற அடுக்குப் பேழையையும் புகையிலைப் பையையும் கயிற்றில் கோத்து, ஓபி என்ற இடைக்கச்சுக்கு உட்புறமாக மேலேற்றித் தொங்கவிட்டார்கள். அந்தக் கயிறு நழுவிவிடாமல் கச்சின் மேல்விளிம்பில் தடுத்து நிறுத்திய கட்டைதான் நெட்சுகே. பெரும்பாலும் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கும் இதன் அழகு முழுவதும் இந்தப் பயன்பாட்டிலிருந்தே பிறந்தது. எருது கால்களை மடக்கிப் படுத்திருப்பதும், எலி தன் வாலை உடலோடு சுற்றிக்கொண்டிருப்பதும், கூரிய முனை பட்டுத் துணியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. துருத்திய கையோ நீட்டிய வாளோ உள்ள உருவம் பழைய நெட்சுகே என்று விற்கப்பட்டால் முதல் ஐயம் அங்கேயே எழ வேண்டும்.

அடுத்து, ஹிமோதோஷி எனப்படும் கயிற்றுத் துளைகளைப் பாருங்கள். பழைய பொருட்கள் பலவற்றில் ஒரு துளை மற்றதைவிடப் பெரியதாக இருக்கும். முடிச்சு அதற்குள் மறைய வேண்டும் என்பதே காரணம். சில செதுக்கர்கள் துளையிடாமல், கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இயல்பான இடைவெளி வழியாகவே கயிற்றைச் செலுத்தியிருப்பார்கள். ஒரு நூலைக் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தால், உண்மையான நெட்சுகே தன் முகத்தை வெளிப்புறம் காட்டிச் சீராக நிற்கும். கயிறு உராய்ந்த பக்கத்தில் துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். அடிப்பாகத்தின் நட்டநடுவே, ஒரே அளவில், கூரிய விளிம்புகளோடு இரண்டு துளைகள் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. எடோவை அடுத்த மெய்ஜி காலத்தில் (1868–1912) மேற்கத்திய உடையும் சிகரெட்டும் பரவி நெட்சுகேயின் தேவை குறைந்தபோது, அயல்நாட்டவருக்காக ஒகிமோனோ என்ற மேசை அலங்காரச் சிற்பங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. அவற்றுக்குப் பிற்காலத்தில் துளையிட்டு நெட்சுகே என்று விற்பதும் உண்டு.

தேய்மானம் புடைத்த இடங்களில் மிகுதியாகவும் குழிவான மடிப்புகளில் குறைவாகவும் இருப்பதே இயல்பு. உருவம் முழுவதும் ஒரே சீரான பழுப்பாக இருந்தால், அது சாயத்தில் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம்.

கையொப்பத்துக்கு வருவோம். கியோட்டோவின் தொமொதாதா எருதுகளைச் செதுக்குவதில் பெரும்புகழ் பெற்றவர். 1781இல் ஒசாகாவில் இனாபா த்சூரியூ வெளியிட்ட 'சோகென் கிஷோ' என்ற நூல் 50க்கும் மேற்பட்ட நெட்சுகே செதுக்கர்களைப் பட்டியலிட்டபோதே, தொமொதாதாவின் பெயரில் போலிகள் உலவியதையும் குறிப்பிட்டது. இரண்டரை நூற்றாண்டாகப் பொய்க்கையொப்பம் பெருகிவரும் ஒரு பெயரை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுக்கலாகாது. மாணவர் ஆசிரியரின் பெயரைப் பொறித்ததும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த படைப்புகள் பல கையொப்பமே இல்லாதவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும், கியோட்டோவில் பழைய சாமுராய் இல்லம் ஒன்றில் 2007இல் தொடங்கப்பட்ட செய்ஷூ நெட்சுகே அருங்காட்சியகத்திலும் உள்ளவற்றைப் பொறுமையாகப் பார்த்துப் பழகிய கண், எந்தக் கையொப்பத்தையும்விடச் சரியாக வழிகாட்டும்.

எந்த மூலப்பொருளால் ஆனது என்பது அடுத்த கேள்வி. ரெசின் என்ற செயற்கைப் பிசினால் ஆன வார்ப்பில் அச்சின் இணைப்புக் கோடோ நுண்ணிய காற்றுக் குமிழோ பூதக்கண்ணாடியில் தென்படும். எலும்பில் கரும்புள்ளிகளும் நுண்கோடுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். தந்தத்தின் வெளிப்புறத்தை ஒட்டிய பகுதியில் அவை யானையில் விரிகோணமாகவும் அழிந்துபோன யானையினமான மாமூத்தில் குறுங்கோணமாகவும் சந்திக்கும். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கும் முறையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். உண்மையான பொருளாக இருந்தால் அந்த வடு என்றென்றும் நிலைத்துவிடும்.

தந்தம் என்று உறுதியானால் சட்டமும் உடன் வருகிறது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. முழுவதும் தந்தத்தால் ஆன நெட்சுகேயை அங்கே விற்க, அது 1918க்கு முந்தையது, சிறப்பான கலை மதிப்போ வரலாற்று மதிப்போ உடையது என்று சான்றிதழ் பெற வேண்டும். அமெரிக்கா 2016இல் விதிகளை இறுக்கியது. நூறாண்டுப் பழைமையை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்களுக்குப் பின் இந்தியத் தந்தம், ஆப்பிரிக்கத் தந்தம் இரண்டின் வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. செதுக்கிய கலைப்பொருள் என்பதால் விலக்குக் கிடைக்காது. வெளிநாட்டு இணைய ஏலத்தில் வாங்கி அஞ்சலில் வரவழைக்க எண்ணுவோர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, புதிதாகத் தொடங்குவோருக்கு நான் மரத்தையே பரிந்துரைக்கிறேன். இசே பகுதியின் யமாடாவில் மசனாவோ மரபினர் பாக்ஸ்வுட் என்ற மரத்தில் செதுக்கிய தேரைகளின் தோல் சொரசொரப்பையும், ஹிதா தகயாமாவின் சுகெனாகா என்ற செதுக்கர் 'யூ' எனப்படும் ஊசியிலை மரத்தில் உளித்தடம் தெரிய வெட்டிய உருவங்களின் துணிவையும் பார்த்தவர்கள், தந்தம் இல்லையே என்று வருந்த மாட்டார்கள்.

வாங்கியதை எண்ணெய் பூசியோ மெருகேற்றியோ புதிதாக்க முயல வேண்டாம். காலம் ஏற்றிய மேற்பூச்சு ஒருமுறை போனால் மீளாது. கண்ணாடிப் பேழைக்குள் சூடான விளக்கு கூடாது. வறண்ட காற்றில் தந்தமும் மரமும் வெடிக்கும் என்பதால், குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். ரசீது, முந்தைய ஏலக் குறிப்பு, துளைகள் தெளிவாகத் தெரியும் நிழற்படங்கள் ஆகியவற்றை வாங்கிய அன்றே ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் விற்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் கோப்புதான்.