ஸ்பைடர்மேன் முதல் இதழ் கிடைத்ததா? செல்லோடேப்பை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ராயபுரத்தில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அச்சகத்தில் மெஷின் ஆளாக இருந்தேன். கணக்குப் புத்தகம், கிழிந்த பைபிள், பூச்சி அரித்த வீட்டுப் பத்திரம், தாத்தா காலத்து ஜாதகம் என்று வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது இன்னொரு சரக்கும் வருகிறது. பாலிதீன் கவருக்குள் பத்திரமாக வைத்த பழைய அமெரிக்க காமிக்ஸ். "அண்ணே, இது ஒரிஜினலா பாருங்க. அப்படியே முதுகுல கிழிஞ்சதையும் ஒட்டிக் கொடுத்துடுங்க" என்பார்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்பதுதான் பதில். ஒருவேளை "ஆமாம்" என்றால், ஒட்டும் வேலையை நான் செய்ய மாட்டேன். இரண்டுக்கும் காரணம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பைடர்மேன் முதலில் தலைகாட்டியது அவர் பெயரில் வந்த பத்திரிகையில் இல்லை. 'அமேசிங் ஃபேன்டஸி' என்ற இதழின் 15-ஆம் எண்ணில். அட்டையில் ஆகஸ்ட் 1962 என்று தேதி, விலை 12 சென்ட். எழுதியது ஸ்டான் லீ, வரைந்தது ஸ்டீவ் டிட்கோ, அட்டைக்குப் பென்சில் போட்டது ஜாக் கிர்பி. கதை 11 பக்கம்தான். அந்தப் பத்திரிகையும் அதோடு நின்றுபோனது. மூடப்போகிற பத்திரிகையின் கடைசி இதழை யார் பத்திரப்படுத்துவார்கள்? நல்ல நிலையில் பிரதிகள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2021-ல் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதி 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய பிறகுதான், காயலான் கடையில் கிலோ கணக்கில் போன காமிக்ஸ் கட்டுகளை நம் ஆட்கள் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த இதழை அதன் பதிப்பகமான மார்வெலே பலமுறை மறுபடி அச்சிட்டிருக்கிறது. 1992-ல் வெள்ளி நிற ஓரம் போட்டு ஒரு மறுபதிப்பு வந்தது. 2019-ல் பழைய விளம்பரங்கள் உட்பட அச்சு அசலாக 'ஃபேக்சிமிலி' பதிப்பு வந்தது. இவற்றில் எந்த மோசடியும் இல்லை. ஆசைப்பட்டுப் படிக்க அருமையான பதிப்புகள். மோசடி பிறகுதான் நடக்கிறது. யாரோ ஒருவர் இந்த மறுபதிப்பை வாங்கி, டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தைக் கசக்கி, "எங்க தாத்தா கப்பல்ல வேலை பார்த்தாரு, அவர் பெட்டியில இருந்தது" என்று ஒரு கதையும் சேர்த்து விற்கிறார். ஹார்பர் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஏரியாவில் இந்தக் கதை எளிதாக எடுபடுகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி அப்படித்தான் ஏமாந்திருந்தார். பைக் வாங்கச் சேர்த்த பணம். விற்றவர் முன் அட்டையை மட்டும்தான் போட்டோ அனுப்பியிருக்கிறார். என் மேஜையில் வைத்ததும் நான் எடுத்தது ஸ்டீல் ஸ்கேலை. அறுபதுகளின் அமெரிக்க காமிக்ஸ் அகலம் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். இப்போது வருபவை ஆறரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தம்பியின் புத்தகம் இரண்டாவது வகை. அந்த அரை அங்குலத்தை எந்த டீத்தண்ணீராலும் கூட்ட முடியாது. அவர் ரொம்ப நேரம் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேலுக்கு அடுத்தது பூதக்கண்ணாடி. அச்சகத்தில் ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல், சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தச் சின்னக் கண்ணாடியே போதும். அந்தக் கால காமிக்ஸ் நியூஸ்பிரின்ட் தாளில், முரட்டுப் புள்ளிகளால் நான்கு வண்ணத்தில் அடித்தது. முகத்தின் தோல் நிறம், வானத்தின் வெளிர் நீலம் எல்லாம் ஒரே சீரான புள்ளி வரிசை. கண்ணை அருகில் கொண்டுபோனால் கண்ணாடி இல்லாமலேகூடத் தெரியும். கறுப்புக் கோடு மட்டும் புள்ளி இல்லாமல் கெட்டியாக நிற்கும். பழைய பிரதியை ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் கறுப்புக் கோட்டின் ஓரமே பொடிப் புள்ளியாக உடைந்திருக்கும். பெரிய புள்ளிக்குள் சின்னப் புள்ளிகள் பூப்போலச் சுற்றி நிற்கும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது.

தாளின் நிறம் அடுத்து. நியூஸ்பிரின்ட்டில் மரக்கூழின் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) நீக்கப்படாமல் இருக்கிறது. அது காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும். அதனால் பழுப்பு ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போகும், பக்கத்தின் நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும். டீயில் நனைத்தது எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்கும், அல்லது திட்டுத்திட்டாக இருக்கும். அடுத்து, முதுகில் அடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின்னைப் பாருங்கள். அறுபது வருடப் பின் துருப்பிடித்திருந்தால் அந்தத் துரு தாளிலும் இறங்கியிருக்கும். தாள் கிழவன், பின் மட்டும் பளபள என்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம் பார்கோடு. எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முன் காமிக்ஸ் அட்டையில் பார்கோடே கிடையாது. 1962 என்று சொல்லும் புத்தகத்தில் எங்காவது பார்கோடு இருந்தால் பேச்சு முடிந்தது. இதற்காகத்தான் பின் அட்டை, உள் அட்டை, முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து எல்லாவற்றுக்கும் போட்டோ கேட்க வேண்டும்.

விலையில் 9 பென்ஸ் என்று இருந்தால் மட்டும் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். பிரிட்டன் விற்பனைக்காக அதே காலத்தில் விலையை மட்டும் மாற்றி அடித்த பிரதிகள் உண்டு.

ஆனால் தாள் பழையது என்பது மட்டும் போதாது. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் எண் 1963 மார்ச் தேதியிட்டது. அதையே 1966-ல் இசைத்தட்டோடு சேர்த்து விற்க ஒரு மறுபதிப்பு போட்டார்கள். அதுவும் பழைய தாள், பழைய மை. வித்தியாசம், அட்டையில் விலை இருக்காது. சூப்பர்மேன், பேட்மேன் பக்கம் போனால் இன்னொரு பொறி. 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் எண் (1938), 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் எண் (1939) இரண்டையும் 1974-ல் பெரிய அளவில் மறுபதிப்பு செய்தார்கள். மேலே தனியாக ஒரு கெட்டி அட்டை, உள்ளே பழைய அட்டை அப்படியே. மேல் அட்டையைக் கழற்றிவிட்டால் பார்ப்பவருக்கு ஒரிஜினல் மாதிரியே இருக்கும், உயரம் மட்டும் 13 அங்குலத்துக்கு மேல். இங்கேயும் ஸ்கேல்தான் காப்பாற்றும்.

சரி, 15-ஆம் எண் நம் யாருக்கும் எட்டாது. அதற்குப் பின் வந்தவற்றில் சேகரிப்பவர்கள் 'கீ' என்று சொல்லும் முக்கியமான இதழ்கள் நிறைய உண்டு. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 3-ல் டாக்டர் ஆக்டோபஸ், 14-ல் கிரீன் காப்ளின், 50-ல் கிங்பின், 129-ல் பனிஷர், 300-ல் வெனம். விற்பவர் "முதல் தோற்றம்" என்றால், எந்த அளவு தோற்றம் என்று கேளுங்கள். வெனம் 299-இன் கடைசியில் எட்டிப் பார்க்கிறான், 300-இல்தான் முழுதாக வருகிறான், விலையும் அதற்கேற்ப. பக்கங்களை எண்ணுங்கள், உள்ளே செருகியதையும் பாருங்கள். 238-ஆம் எண்ணில் (ஹாப்காப்ளின்) குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ இணைப்பு வந்தது. அது இல்லாத பிரதி பாதிப் பிரதிதான். வுல்வரின் முழுதாக வரும் 'ஹல்க்' 181-இல் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டுகிற ஸ்டாம்ப் ஒன்று இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆசையாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே சதுரமாக ஓட்டை.

தமிழில் வந்த லயன் காமிக்ஸின் ஸ்பைடரைக் கொண்டுவந்து ஸ்பைடர்மேன் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு ஆள். நம் ஸ்பைடர் 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவன். கூர்க்காதும் வலைத்துப்பாக்கியுமாக முதலில் வில்லனாக வந்தவன். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அந்தத் தமிழ் இதழ்களுக்கும், 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களுக்கும் தனிச் சந்தை இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் ஊரில் சேகரிக்க வேண்டியது அதுதான். எப்படி அடித்தார்கள், எந்தத் தாள் என்பது நமக்குத் தெரியும், கேட்டுச் சொல்ல ஆளும் இருக்கிறார்கள். ஸ்பைடர்மேனே வேண்டும் என்றால் 2004-ல் காதம் காமிக்ஸ் இந்தியாவிலேயே வெளியிட்ட 'ஸ்பைடர்மேன் இந்தியா'வைத் தேடுங்கள். மும்பைப் பையன் பவித்ர் பிரபாகரின் தொடக்கம் அது. பழைய புத்தகக் கடையில் உண்மையிலேயே கையில் சிக்க வாய்ப்புள்ள முதல் தோற்றம்.

இனி என் தொழிலுக்கே எதிரான பேச்சு. உங்களிடம் இருப்பது ஒரிஜினல் என்றால் அதை எந்த பைண்டரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும். நாங்கள் முதுகில் பசை போட்டு, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டு, ஓரத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருவோம். கணக்குப் புத்தகத்துக்கு அதுதான் அழகு. காமிக்ஸில் ஒரு மில்லிமீட்டர் வெட்டினாலும், பிரதியின் நிலையைப் பார்த்துத் தரம் போடும் கிரேடிங் ஆள் கண்டுபிடித்துவிடுவார். மைதாப் பசையில் பூச்சிக்கு மயில்துத்தம் கலக்கிறோம், அது நியூஸ்பிரின்ட்டுக்கு ஆகாது. ஃபெவிகால் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. செல்லோடேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிளாஸ்டிக் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். லேமினேஷன் செய்துவிட்டால் அதோடு அந்தப் பிரதி முடிந்தது. முதுகில் வெளுத்த இடத்தைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தொட்டாலும் வண்ணம் சேர்த்ததாகத்தான் கணக்கு. அமெரிக்காவின் பெரிய கிரேடிங் நிறுவனமான சிஜிசி, தொடாத பிரதிக்கு நீல லேபிள் ஒட்டுகிறது, இப்படிச் சரிசெய்ததற்கு ஊதா. ஊதா என்றால் விலை சரிந்துவிடும்.

அறுபதுகளின் மார்வெல் அட்டைகளில் வலது ஓரம் சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். மழுங்கிய பிளேடில் கட்டிங் போட்டால் அப்படித்தான் ஆகும். எங்கள் பட்டறையிலும் பிளேடு சாணை பிடிக்காத வாரம் இதே கதைதான். அச்சிட்ட இடத்திலேயே வந்த குறை அது. அப்படியே விடுங்கள்.

வைத்துக்கொள்ளும் விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி யோசிக்க வேண்டும். காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே வருகிறது. பின் துருப்பிடிக்கவும் தாள் பூஞ்சை பிடிக்கவும் வேறு எதுவும் தேவையில்லை. பரண் வேண்டாம், கோடையில் அங்கே சூடு தாங்காது. தரையும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டின் உள்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில், இருட்டான அலமாரி நல்லது. பத்திரங்களுக்குப் போடும் வாசனை அடிக்கிற பிவிசி ஃபோல்டர் நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது, பாலிப்ரொப்பிலீனும் பரவாயில்லை. பின்னால் வைக்கும் அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். ஆண்டர்சன் தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஸ்ட்ரா போர்டை வைத்தால் அதன் அமிலமே தாளைப் பழுப்பாக்கும். வேப்பிலை கறை விடும். ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தூசி தட்டுவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமிருந்து நனைந்த புத்தகக் கட்டுகள் நிறைய வந்தன. மொட்டை மாடியில் வெயிலில் விரித்தவை அலை அலையாக நெளிந்திருந்தன. இஸ்திரி போட்டவை இன்னும் மோசம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருந்தன. நனைந்தால் பக்கத்தைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். அப்படியே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை நிற்கும், உங்களுக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து, இடையிடையே ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர்த்தலாம். நேரம் பிடிக்கும் வேலை.

கடைசியாக, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் செய்து கிரேடு போட்டு விற்கும் 'ஸ்லாப்' பற்றி. பெட்டியில் இருப்பதால் உண்மை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பெட்டியைத் திறந்து மட்டமான பிரதியை உள்ளே வைத்து மாற்றிய விவகாரம் 2023 கடைசியில் அமெரிக்காவிலேயே பெரிதாக வெடித்தது. லேபிளில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் அந்தப் படத்தையும் உங்கள் கையில் இருப்பதையும் மடிப்புக்கு மடிப்பு ஒப்பிடுங்கள். அதேபோல், "உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்று யாராவது அழைத்தால் பணம் அனுப்ப வேண்டாம். சுங்கவரி தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போகாது. கூரியர் நிறுவனத்தின் தளத்தில் டிராக்கிங் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், விற்றவர் அனுப்பிய போட்டோக்கள், பேசிய செய்திகள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.