மேலே சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் காய்ச்சல்

போன வாரம் இன்னொரு குழந்தை. நான்கு வயதுப் பெண், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. மார்பில் தோலுக்கு அடியில் இருக்கும் கீமோ போர்ட் (புற்றுநோய் மருந்தைச் சிரைக்குள் ஏற்றுவதற்கான சின்னக் கிண்ணமும் குழாயும்) நான் வைத்ததுதான். (மயக்க டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அல்ட்ராசவுண்டில் கழுத்துச் சிரையைத் தேடி ஊசி போடுவது எங்களுக்கு அன்றாட வேலை.) இரண்டு நாளாகக் காய்ச்சல், வீட்டிலேயே பாராசிட்டமால் சிரப். தூக்கி வந்தபோது கை கால் சில்லிட்டு, பிபி இறங்கியிருந்தது.

"போர்ட் இருக்கிற இடம் சுத்தமாத்தானே இருக்கு டாக்டர், சிவக்கக்கூட இல்லையே" என்றார் அப்பா.

இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! போர்ட்டோ, மார்பிலிருந்து வெளியே தொங்கும் ஹிக்மேன் குழாயோ, கையில் போடும் பிக் லைன் என்ற நீளக் குழாயோ, எதுவானாலும் அதன் முனை இதயத்தை ஒட்டிய பெரிய சிரையில் கிடக்கிறது. கிருமி குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டி வளரும். அதற்குத் தோல் சிவக்க வேண்டியதில்லை. வீக்கம், சீழ், வலி எதுவும் வேண்டியதில்லை. மேலே தழும்பு அழகாக ஆறியிருக்கும்போதே ரத்தத்தில் கிருமி ஓடும். வாசலில் கோலம் இருக்கிறது என்பதற்காக அடுப்படியில் பாம்பு இல்லை என்று சொல்வீர்களா? குழாயை ஃப்ளஷ் செய்த (ஊசியால் திரவம் செலுத்திக் கழுவிய) கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் என் முதல் சந்தேகம் குழாய்மேல்தான்.

இப்படிக் குழாய் உள்ள குழந்தைக்குத் தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். விடியட்டும், மாமா பைக் கொண்டு வரட்டும் என்று உட்கார வேண்டாம். சிரப் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு 'பரவாயில்லை' என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளணு குறைந்த குழந்தைக்கு ஆசனவாயில் வைக்கும் காய்ச்சல் மருந்து கூடவே கூடாது. வாசலில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. வழியில் போனில் சொல்லிவிட்டால் தயாராக இருப்போம்.

அப்புறம், பக்கத்து கிளினிக்கில் சாதாரண ஊசியால் போர்ட்டைக் குத்த விடாதீர்கள். அதற்கென்று ஹூபர் ஊசி இருக்கிறது. நர்ஸ் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும். 10 மில்லி சிரிஞ்சை எடுங்கள், தயவுசெய்து.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். போர்ட்டை எடுக்க வேண்டியதாயிற்று. கிருமி அடங்கியதும் மறுபக்கம் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். அதற்கு மறுபடியும் பட்டினி, மறுபடியும் மயக்கம், தியேட்டர் வாசலில் அம்மாவின் கையை விடமாட்டேன் என்ற அதே அழுகை.