ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு பால்துளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் (ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும்) தன் பாட்டியைக் குறும்படமாக எடுக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்டையில் இறங்கும் கத்தியையும் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும் பாலையும் நெருங்கி எடுத்தால் ஒன்று தெளிகிறது, மற்றது மங்குகிறது. கேமரா கோளாறா?"

கேமராவில் கோளாறு ஏதுமில்லை. லென்ஸ் ஒளியைக் குவிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். எங்கே குவிக்கிறது என்பதில்தான் அத்தனை அழகும். 50 மி.மீ. லென்ஸுக்கு 10 மீட்டர் தள்ளி நிற்பவர் இன்னும் ஒரு மீட்டர் பின்னால் போனால், உள்ளே பிம்பம் நகர்வது 0.023 மி.மீ. மட்டுமே. ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்கு அது உறைக்கவே உறைக்காது. அதே லென்ஸுக்கு 10 செ.மீ. முன்னால் பால்துளி இருக்கட்டும். இப்போது பிம்பமும் துளியும் ஒரே அளவு. துளி 1 மி.மீ. விலகினால் பிம்பமும் கிட்டத்தட்ட 1 மி.மீ. விலகிவிடும்! புள்ளியாய் விழவேண்டிய ஒளிக்கூம்பு சென்சாரில் வட்டமாய்ப் படரும். முழுச்சட்டக (36×24 மி.மீ.) சென்சாரில் லென்ஸின் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவான ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் தூரம், சுமார் 1 மி.மீ. தான்.

ஒரு குவிலென்ஸ், மெழுகுவத்தி, வெள்ளைத்தாள் போதும், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

துளையை இன்னும் சிறிதான எஃப்/16க்குச் சுருக்கினால் கூம்பு மெலிந்து ஆழம் 2 மி.மீ. ஆகும். ஆனால் இந்த நெருக்கத்தில் லென்ஸ் சென்சாரிலிருந்து இரு மடங்கு தள்ளி நிற்பதால் ஏற்கெனவே கால்பங்கு ஒளிதான் வருகிறது. அதிலும் கால்பங்குதான் மிஞ்சும். விடியற்காலைப் பால்காட்டில் அது போதாது, கைவிளக்கு ஒன்று வேண்டும்.

கத்தியையும் மங்கையும் தனித்தனி ஷாட்டாக எடுங்கள். வெட்டுக்கோட்டை எடுக்கையில் கேமராவின் முதுகு பட்டைக்கு இணையாக இருக்கட்டும். மரம் உருண்டை, ஓரங்கள் மங்கத்தான் செய்யும். பால் ஓடும் நடுப்பகுதி தெளியும். துளிக்கு, பால் வழியும் தகட்டின் நுனியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். கைப்பேசி என்றால் தானியங்கி மேக்ரோவை (நெருங்கினால் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறும் வசதியை) அணைத்துவிடுங்கள். நடுவில் லென்ஸ் மாறினால் படம் துள்ளும். 10 விநாடி ஓடவிடுங்கள், தொகுப்பில் 3 விநாடி போதும்.

பாட்டியின் விரலிடுக்கில் காய்ந்த ஒட்டுப்பாலை எடுக்கும்போது கையை மரத்தில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூச்சுவிடும் அசைவுகூட அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.