டிரெய்லருக்குப் பார்ட்ஸ் வாங்கும் முன் பழையதில் உள்ள எண்ணைப் பாருங்கள்

டெக்சாஸில் டிரெய்லர், ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் மார்ச் பிறந்தால் போன் ஓயாது. பள்ளி, கல்லூரிகளின் வசந்த விடுமுறையான ஸ்பிரிங் பிரேக் நெருங்கிவிடும். நம்மவர்களும் இப்போது டிராவல் டிரெய்லர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணா, 2019 மாடல், 24 அடி. வீல் பேரிங் போயிடுச்சு, என்ன சைஸ் வாங்கணும்?" என்று கேட்பார்கள். மாடலையும் வருஷத்தையும் மட்டும் வைத்து அதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது.

அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. வண்டிக் கம்பெனி அங்கே செய்வது பெரும்பாலும் கோர்க்கிற வேலை. சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சில், டெக்ஸ்டர் அல்லது லிப்பர்ட் கம்பெனியிடமிருந்து வரும், வாட்டர் ஹீட்டர் வேறொருவரிடமிருந்து வரும். ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் இரண்டு வண்டிகளின் அடியில் இருப்பது ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதனால் ஆக்சில் குழாயில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தேடுங்கள். அது அழிந்துபோயிருந்தால் பழைய பேரிங்கைக் கழற்றி, கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண் பொறித்திருக்கும். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சிலில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொதுவாக உள்ளே எல்68149, வெளியே எல்44649. சின்னப் படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் உள்ளே, வெளியே இரண்டிலும் எல்44649 இருக்கும். பேரிங்கோடு அது உட்காரும் வளையமான கப், கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த கப்பில் புது பேரிங்கைப் போட்டால் அது சீக்கிரமே அடிவாங்கும். எலெக்ட்ரிக் பிரேக் செட் வாங்கினால் இடது, வலது வேறு வேறு என்பது ஞாபகம் இருக்கட்டும். ஒவ்வொரு பிரேக்கிலும் இரண்டு ஷூ உண்டு; உராயும் பட்டையான லைனிங் குட்டையாக இருக்கும் ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.

டயரில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அளவுக்கு முன்னால் 'எஸ்டி' என்று இருந்தால்தான் அது டிரெய்லர் டயர். கார் டயர் அதே ரிம்மில் அழகாக உட்காரும், ஆனால் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. எஸ்டி 205/75 ஆர்15 அளவில், லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) சி டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 1,820 பவுண்டு தாங்கும். 3,500 பவுண்டு ஆக்சிலுக்கு இரண்டு டயர் சேர்ந்து 3,640. கைவசம் மிச்சம் வெறும் 140 பவுண்டுதான். லோடு ரேஞ்ச் டி போட்டால் ஒரு டயர் 2,150 தாங்கும், ஆனால் 65 பிஎஸ்ஐ காற்று வேண்டும். உங்கள் ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் முத்திரையைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். சாதாரண ரப்பர் வால்வுக்கும் எல்லை 65தான். அதற்கு மேல் போனால் உலோக வால்வு போடச் சொல்லுங்கள்.

அப்புறம் வயது. டயர் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் பெரும்பாலும் ஓடித் தேய்வதில்லை, வெயிலில் நின்றே கெட்டுப்போகிறது. ஐந்து, ஆறு வருஷம் ஆகிவிட்டால் பட்டன் முழுசாக இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். தள்ளுபடி விலையில் வரும் 'புது' டயரிலும் இந்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காரின் பின்னால் டிரெய்லரை இணைக்கும் உருண்டையான ஹிட்ச் பால் 1⅞, 2, 2 5/16 அங்குலம் என வரும்; அதைக் கவ்விக்கொள்ளும் டிரெய்லர் முனைதான் கப்ளர். 2 அங்குலக் கப்ளரில் 1⅞ பாலை வைத்தாலும் தாழ்ப்பாள் மூடிக்கொள்ளும்! பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுகொள்ளும். அளவு பால் தலையிலேயே பொறித்திருக்கும், கப்ளரிலும் இருக்கும். மாட்டியபின் ஜாக்கால் டிரெய்லர் மூக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும்.

வாட்டர் ஹீட்டருக்கு ஆனோடு கம்பி (தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பது) கேட்பவர்கள் முதலில் பிராண்டைப் பாருங்கள். சபர்பனுக்கு இரும்புத் தொட்டி, கம்பி கட்டாயம், முக்கால் அங்குல மரை. ஆட்வுட்டில் அலுமினியத் தொட்டி, அரை அங்குல பிளாஸ்டிக் அடைப்பானோடு வரும், கம்பி தேவையில்லை. கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் டிடெக்டருக்கும் ஆயுள் உண்டு. பின்னால் தேதி அச்சிட்டிருக்கும், தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கூடுதல் சாமான்களில் நான் முகம் சுளிப்பது பின் பம்பரில் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான். பல டிரெய்லர்களில் அந்தப் பம்பர் கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கும் மெல்லிய சதுரத் தகரக் குழாய், அவ்வளவுதான். வெல்டிங் விட்டுப்போவது ஒருபுறம் இருக்கட்டும். பின்னால் கனம் ஏறினால் ஹிட்ச்சில் அமரும் எடை குறையும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருந்தாக வேண்டும். குறைந்தால் ஹைவேயில் வண்டி வாலாட்டும். சைக்கிளைக் கார் கூரையில் கட்டுங்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், யார் மாட்டினாலும் சரி, 10, 25, 50 மைல் ஓடியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள். அரை அங்குல போல்ட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 அடி-பவுண்டு.