ஆந்த்ரசைட்: 'அனல்மிகு' என்பது பொருந்துமா?

கிரேக்க மொழியில் 'ஆந்த்ராக்ஸ்' என்றால் கனன்றுகொண்டிருக்கும் கங்கு. நிலக்கரி வகைகளுள் மிகவும் முதிர்ந்ததும் தமிழில் 'அனல்மிகு நிலக்கரி' எனப்படுவதுமான வகைக்கு வழங்கும் ஆந்த்ரசைட் என்னும் பெயர் அந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது. தோலில் கரிய பொருக்கை உண்டாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயும் அந்நிறத்தால் அதே பெயரைப் பெற்றது.

தமிழில் 'கரி' என்னும் சொல்லும் கருமையைக் குறிக்கும் 'கரு' என்னும் அடியோடு உறவுடையது. கரிதல், கருகுதல் ஆகியவையும் அதன் கிளைகளே. அடைமொழியின்றிக் கரி என்றால் விறகை எரித்துப் பெறும் மரக்கரியே நினைவுக்கு வருவதால், மண்ணுக்கடியில் புதையுண்ட தாவரங்கள் பல கோடி ஆண்டுகள் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு உருவான பொருளை 'நிலக்கரி' எனப் பிரித்துச் சொல்வது மிகப் பொருத்தமான ஆக்கம்.

முதிர்ச்சியில் கீழ்ப்படியில் இருப்பது லிக்னைட். லத்தீனில் 'லிக்னம்' என்றால் மரம். சில கட்டிகளில் மரத்தின் இழையோட்டத்தை இன்றும் கண்ணால் காணலாம். நாம் மரத்தை விட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டு 'பழுப்பு நிலக்கரி' என்றோம். ஈரம் மிகுந்த இதில் கரிமம் (கார்பன்) 25 முதல் 35 விழுக்காடுதான்; வெளியே எடுத்து உலரவிட்டால் வெடித்து உதிரும். அதைவிட முதிர்ந்த பிட்டுமினஸ் வகையில் கரிமம் 45 முதல் 86 விழுக்காடு வரை இருக்கும். காற்றில்லாமல் சூடாக்கினால் தார் கசிவதால் பிட்டுமின் என்னும் நிலக்கீலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தமிழில் 'புகைமிகு நிலக்கரி' என்பர். எரியும்போது அது கக்கும் புகையைப் பார்த்தவர் இப்பெயரை மறுக்கமாட்டார். இரும்பு உருக்கப் பயன்படும் கற்கரியும் (கோக்) இவ்வகையிலிருந்தே கிடைக்கிறது.

ஆந்த்ரசைட்டில் கரிமம் 86 முதல் 97 விழுக்காடு. புகைமிகு நிலக்கரியைத் தொட்டால் விரலெல்லாம் கரியாகும். இதைத் தொட்டால் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. உடைத்தால் சங்கின் உட்புறம்போல் வளைந்த, உலோகப் பளபளப்புள்ள முகம் தெரியும். எளிதில் தீப்பற்றாது, பற்றிவிட்டால் குறுகிய நீலச் சுடருடன், புகையின்றி நெடுநேரம் கனலும்.

இதற்கு வழங்கும் 'அனல்மிகு நிலக்கரி' என்னும் பெயரில் எனக்கு ஒரு சிறு குறை உண்டு. உயர்தரப் புகைமிகு நிலக்கரி, எடைக்கு எடை இதற்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ வெப்பம் தரக்கூடும். ஆகவே இதன் தனித்தன்மை அனலின் மிகுதியன்று, புகையற்ற கனற்சி. கிரேக்கர் சொன்ன கங்கு அதை நெருங்குகிறது. ஆயினும் வழக்கில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கி 'கங்குக்கரி' என்று புதிதாக நடுவதைவிட, 'அனல்மிகு நிலக்கரி' என்றே எழுதி, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ஆந்த்ரசைட் என்பதையும் உடன் குறித்தால் போதும்.